632001: வேலூர் பின்கோடைக் காரணிப்படுத்தும்போது எங்கே தவறுகிறோம்?

வேலூருக்குக் கடிதம் எழுதும் பலரும் 632001 என்ற பின்கோடை எழுதியிருப்பார்கள். வகுபடும் தன்மை படிக்கும் பிள்ளைகளுக்கு இது அருமையான எண். பெரிய எண்களில் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் பலவும் இந்த ஒன்றிலேயே இருக்கின்றன.

ஒன்றில் முடிகிறதே, பகா எண்ணாக இருக்குமோ என்று தோன்றும். ஆனால் கடைசி இலக்கத்தை வைத்து 2, 5, 10 ஆகியவை வகுக்குமா என்று மட்டும்தான் சொல்ல முடியும். இலக்கங்களைக் கூட்டினால் 12. ஆகவே 3 வகுக்கும்: 3 × 210667. கூடுதல் 12 என்பதால் 12-ஆலும் வகுபடும் என்று எழுதிவிடக் கூடாது, ஒற்றைப்படை எண்ணை 12 வகுக்காது. 10, 100, 1000 எதை 9-ஆல் வகுத்தாலும் மீதி 1. கூட்டிப் பார்க்கும் வழி 3-க்கும் 9-க்கும் செல்லுபடியாவது அதனால்தான்.

அப்புறம் 210667. பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான். 7, 11, 13, 17 என்று போட்டுப் பார்ப்பார்கள், ஒன்றும் வகுக்காது. பொறுமைசாலிகள் 100 வரை போவார்கள். அப்போதும் ஒன்றும் கிடைக்காது. உடனே 'பகா எண்' என்று முடித்துவிடுவார்கள். 210667-இன் வர்க்கமூலம் 459-ஐ ஒட்டி வருகிறது. அதுவரை உள்ள பகா எண்களை எல்லாம் சோதிக்காமல் அப்படிச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. விடாமல் போனால் 293-இல் மாட்டும்: 293 × 719. அதேபோல, எண்ணின் பாதி வரை வகுத்துக்கொண்டே போவதும் வீண் உழைப்பு. இரண்டு காரணிகளும் வர்க்கமூலத்தைவிடப் பெரிதாக இருந்தால் அவற்றின் பெருக்கற்பலன் அந்த எண்ணையே தாண்டிவிடுமே.

சரி, 632001 = 3 × 293 × 719. அதனால் காரணிகள் மூன்று என்று எழுதுவது அடுத்த தவறு. ஒவ்வொரு பகா எண்ணையும் சேர்க்கலாம், விடலாம். ஆக 2 × 2 × 2 = 8 காரணிகள்: 1, 3, 293, 719, 879, 2157, 210667, 632001.

கால்குலேட்டரில் வர்க்கமூலம் எடுத்தால் 794.98 என்று வரும். அதை 795 என்று முழுமையாக்கி முழு வர்க்கம் என்று நம்பிவிட வேண்டாம். 795-இன் வர்க்கம் 632025, நம் எண்ணைவிட 24 அதிகம். கால்குலேட்டர் இல்லாமலே இதைத் தீர்க்கலாம்: முழு வர்க்கத்தை 3 வகுத்தால் 9-உம் வகுத்தாக வேண்டும்; இங்கே 3 வகுக்கிறது, 9 வகுக்கவில்லை, எனவே முழு வர்க்கமாக இருக்கவே முடியாது. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது.

பாலாற்றைத் தாண்டி காட்பாடிக்குப் போனால் 632007. கூடுதல் 18, அதனால் 3-உம் 9-உம் வகுக்கின்றன. இரண்டையும் பெருக்கி 27-உம் வகுக்கும் என்று எழுதினால் தவறு. 9-ஆல் வகுத்தால் 70223 கிடைக்கிறது, அதன் கூடுதல் 14, அதற்கு மேல் 3 நுழையாது. 2-உம் 3-உம் வகுத்தால் 6 வகுக்கும் என்பது அவற்றுக்கு 1-ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லாததால் கிடைத்த சலுகை. 3-க்கும் 9-க்கும் அது கிடையாது.