ஊர் ஆஸ்பத்திரில ஐடி ஆள் இல்லையா, முதல்ல பேக்கப்ப கேளுங்க

சிங்கப்பூர்ல ஐடி வேலை பாக்குற நம்மாளுங்களுக்கு ஊர்லேர்ந்து போன் வரும், "தம்பி, ஆஸ்பத்திரிக்கு நல்ல சாப்ட்வேர் சொல்லுப்பா"னு. சாப்ட்வேர் அப்புறம், முதல்ல பேக்கப், அதாவது டேட்டாவோட தனி காப்பி, இருக்கானு கேளுங்க. ரெண்டு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்க சொல்லி, ஒரு நாள் ஒண்ணு மறுநாள் இன்னொண்ணுனு காப்பி எடுத்து, எடுத்த கையோட கழட்டி பூட்டி வைக்கணும், சொருகியே கெடந்தா பைல பூட்டிட்டு பணம் கேக்குற ரான்சம்வேர் வைரஸ் அதையும் சேத்து லாக் பண்ணிடும். பாஸ்வேர்ட் இல்லாம யாரும் படிக்க முடியாதபடி டிஸ்க்க என்க்ரிப்ட் பண்ணிடுங்க, நோயாளி விவரமாச்சே. மாசம் ஒருதடவ வேற கம்ப்யூட்டர்ல அந்த காப்பிலேர்ந்து நாலு பைல திறந்து பாக்கணும், இத மட்டும் யாரும் செய்யறதில்ல.

அப்புறம் அப்டேட். 2017 மே மாசம் வான்னாக்ரைங்கிற ரான்சம்வேர் பிரிட்டன் ஆஸ்பத்திரிங்கள முடக்குச்சே, அது நுழைஞ்ச விண்டோஸ் ஓட்டைய அடைக்கிற பேட்ச் மார்ச்லயே வந்தாச்சு! விண்டோஸ் 10க்கு வழக்கமான சப்போர்ட்டும் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது, அந்த மெஷின் இன்னும் இருந்தா நெட்லேர்ந்து பிரிச்சிடுங்க.

இங்க ராத்திரி பத்தரைனா அங்க எட்டு, கூட்டம் குறைஞ்சிருக்கும், அப்ப ரிமோட்ல போய் பாருங்க, ஆனா உங்க லாகினுக்கு ஓடிபி கண்டிப்பா வேணும். ஸ்கேன், எக்ஸ்ரே மெஷினோட இருக்குற பிசிய மட்டும் கம்பெனி ஆள கேக்காம தொடாதீங்க.