மறதிநோய்ப் பராமரிப்புச் செலவு: குடும்பங்களின் கணக்கு எங்கே தவறுகிறது?

மறதிநோய், அதாவது டிமென்ஷியா என்று மருத்துவர் சொல்லிவிட்டுப் போன பிறகு வீட்டில் எழும் முதல் பணக்கேள்வி, “மருந்துக்கு மாதம் எவ்வளவு ஆகும்?” என்பதாகவே பெரும்பாலும் இருக்கிறது. கேள்வி இயல்பானதுதான், ஆனால் கணக்குத் தவறத் தொடங்குவதும் அங்கேதான். டோனெபெசில், மெமன்டைன் போன்ற பழைய மருந்துகளைக் காப்புரிமைக் காலம் முடிந்தபின் பல நிறுவனங்கள் தயாரிக்கின்றன. நீண்ட நாள் நோய் ஒன்றின் செலவில் அவற்றின் பங்கு சிறியது. அவை அறிகுறிகளைச் சில காலம் தணிக்குமே தவிர நோயை நிறுத்துவதில்லை. பெருஞ்செலவு மனித நேரத்தில் இருக்கிறது: குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, நள்ளிரவில் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விடாமல் பார்த்துக்கொள்வது.

அந்த நேரத்தை ஒருமுறையாவது தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். வாரத்துக்கு 168 மணி நேரம். பராமரிப்புப் பணியாளர் ஒருவர் நாளுக்கு 8 மணி நேரம் வீதம் வாரத்தில் 6 நாள் வந்தால் 48 மணி நேரம் கழியும். மீதி 120 மணி நேரத்துக்கு யார் பொறுப்பு? தனியே விட முடியாத கட்டம் வந்துவிட்டால் ஒரு நோயாளிக்கு மூன்றரைப் பணியாளர்கள் தேவை. விடுப்பையும் காய்ச்சலையும் சேர்த்தால் நான்கு. நான்கு பேரைச் சம்பளத்துக்கு வைக்க வசதியுள்ள குடும்பங்கள் மிகக் குறைவு. ஆகவே அந்த இடைவெளியை மனைவியோ மகளோ மருமகளோ தன் தூக்கத்தைக் கொடுத்து அடைக்கிறார். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2019இல் டிமென்ஷியாவால் உலகம் சுமந்த செலவு 1.3 லட்சம் கோடி டாலர். அதில் ஏறக்குறைய பாதி, குடும்பத்தினரும் நண்பர்களும் கூலி வாங்காமல் செய்த பராமரிப்பின் மதிப்பு. பராமரிப்பு நேரத்தில் 70 விழுக்காட்டைத் தருபவர்கள் பெண்கள்.

எனவே, “வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறோம், செலவில்லை” என்று எழுதி வைப்பது அடுத்த தவறு. ஐம்பது வயதில் வேலையை விடும் ஒருவர் இழப்பது அந்த ஆண்டுகளின் சம்பளத்தை மட்டுமன்று. ஓய்வுக்காலச் சேமிப்பில் சேர வேண்டிய தொகையும், பிறகு அதே வேலைக்குத் திரும்பும் வாய்ப்பும் அதனுடன் போகின்றன. உடன்பிறந்தவர்களுள் ஒருவர் நேரத்தையும் மற்றவர்கள் பணத்தையும் தருவதாக ஏற்பாடு இருந்தால், அதைத் தொடக்கத்திலேயே எழுதிக்கொள்வது நல்லது. நாள், மணி நேரம், செலவு, கொடுத்தவர் என்று நான்கு கட்டம் போட்ட ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பெற்றவருக்குச் செய்ததற்குக் கணக்கா என்று சிலருக்கு உறுத்தும். ஆனால் அந்த நோட்டு இல்லாத வீடுகளில் இதே கணக்கைச் சொத்துப் பிரிக்கும்போது ஆளுக்கொரு விதமாக நினைவிலிருந்து எடுத்துச் சொல்வார்கள்.

இவை எல்லாவற்றையும்விட விலை கூடிய தவறு, ஆவணங்களைத் தள்ளிப் போடுவது. கையிருப்பு தீருவதற்கு வெகு முன்பே, கையெழுத்திடும் சட்டத் தகுதி தீர்ந்துவிடுகிறது. மறதிநோய் உறுதியான நாளிலேயே அந்தத் தகுதி போய்விடுவதில்லை. தொடக்கக் கட்டத்தில் பலர் தம் சொத்து எது, வாரிசுகள் யார், எதில் கையெழுத்திடுகிறோம் என்பதைத் தெளிவாகவே சொல்வார்கள். அந்த இடைவெளி சில மாதங்களாகவும் இருக்கலாம், ஓரிரு ஆண்டுகளாகவும் இருக்கலாம். உயில், வங்கிக் கணக்குகளுக்கான நியமனம், சொத்தை நிர்வகிக்கும் அதிகாரப் பத்திரம், மருத்துவ முடிவுகள் குறித்த விருப்பம் ஆகிய அனைத்தும் அதற்குள் முடிந்தாக வேண்டும். கையெழுத்திடும் நாளிலேயே, அவர் விவரம் புரிந்து முடிவெடுக்கும் நிலையில் இருக்கிறார் என்று மருத்துவரிடம் ஒரு சான்றிதழ் வாங்கி வைத்தால், பின்னாளில் எவரும் அந்த ஆவணத்தை எளிதில் அசைக்க முடியாது.

பவர் பத்திரம் எழுதியாகிவிட்டது என்று நிம்மதியாக இருப்பவர்கள் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். எழுதிக் கொடுத்தவர் மனநலத் தகுதியை இழந்தவுடன் சாதாரண அதிகாரப் பத்திரம் செல்லாமல் போய்விடும் என்பதே பல சட்ட முறைகளின் நிலை. அதாவது எந்த நாளுக்காக எழுதப்பட்டதோ அந்த நாளில் அது வெற்றுத்தாள். தகுதி இழந்த பின்னும் நீடிக்கும் தனிவகைப் பத்திரத்தைச் சில நாடுகளின் சட்டம் அனுமதிக்கிறது, சிலவற்றில் அதற்கு வழியில்லை; இதை வழக்கறிஞரிடம் நேரடியாகக் கேட்டுவிட வேண்டும். நீடிக்கும் பத்திரம் இல்லாத குடும்பம் நீதிமன்றத்தில் காப்பாளர் நியமனம் கேட்டு மனுப்போட வேண்டியிருக்கும். அதற்கு மாதங்கள் ஆகும், கட்டணமும் ஆகும். அதுவரை, பராமரிப்புக்காக விற்கலாம் என்று வைத்திருந்த வீட்டை விற்க முடியாது, அவர் பெயரிலுள்ள வைப்புத்தொகையை உடைக்க முடியாது.

அவசரத்தில் பலர் கண்டுபிடிக்கும் குறுக்கு வழி, ஒரு பிள்ளையின் பெயரைக் கணக்கில் சேர்த்துவிடுவது. மின்கட்டணம் கட்ட அது உதவும். ஆனால் அந்தப் பணம் யாருடையது என்பதில் மற்ற பிள்ளைகளுடன் வழக்கு வரலாம், சேர்க்கப்பட்ட பிள்ளைக்குக் கடன் இருந்தால் கடன்காரரின் பார்வையும் அதன்மேல் விழலாம். ரகசிய எண்ணைத் தெரிந்துகொண்டு அம்மாவின் அட்டையில் பணம் எடுப்பதும் அப்படித்தான்: நோக்கம் நல்லதாயினும், பின்னர் கேள்வி வந்தால் காட்டுவதற்கு ஆவணம் எதுவும் இருக்காது.

பண இழப்பு நோய் உறுதியாவதற்கு முன்பே தொடங்கிவிடுவதும் உண்டு. பின்னாளில் டிமென்ஷியா கண்டறியப்பட்டவர்கள் அதற்கு 6 ஆண்டுகள் முன்பிருந்தே கட்டணத் தவணைகளைத் தவறவிடத் தொடங்கியிருந்ததை, அமெரிக்காவில் 2020இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மேசை இழுப்பறையைத் திறந்தால் கதை தெரியும்: கட்டாத மூன்று மின்கட்டண ரசீதுகள், ஒரே மாதத்துக்கு இரண்டு முறை கட்டிய தொலைபேசிக் கட்டணம், பிரிக்காத வங்கிக் கடிதம், யாரோ தொலைபேசியில் பேசி விற்ற ஒரு சந்தா. இதைக் கண்டதும் காசோலைப் புத்தகத்தைப் பிடுங்கி வைத்துக்கொள்வது எளிது. ஆனால் அந்த அவமானம் அடுத்த கட்ட ஒத்துழைப்பையே கெடுத்துவிடும். பெரிய தொகைகளை வேறு கணக்குக்கு மாற்றிவிட்டு, அன்றாடச் செலவுக்கு வரம்பு வைத்த சிறு கணக்கொன்றை அவர் கையிலேயே விடுவதும், மாதக் கட்டணங்கள் கணக்கிலிருந்து தானாகக் கழியும்படி மாற்றுவதும் மரியாதை குறையாமல் பலன் தரும். இதற்கும் அவருடைய கையெழுத்து வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

இன்றைய மாதச் செலவைப் பன்னிரண்டால் பெருக்கி, அதை ஆண்டுகளால் பெருக்குவது இன்னொரு பொதுவான பிழை. டிமென்ஷியாவின் மிகப் பொதுவான வகையான அல்சைமர் நோய் உறுதியான பின் சராசரி ஆயுள் 4 முதல் 8 ஆண்டுகள் என்று சொல்லப்பட்டாலும், 20 ஆண்டுகள் வரை வாழ்பவர்களும் உண்டு. செலவும் நேர்கோட்டில் ஏறுவதில்லை. முதல் ஆண்டுகளில் ஏறக்குறைய ஒன்றுமில்லை என்று தோன்றும். பிறகு ஒரு கீழே விழுதலுக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ பின் ஒரே மாதத்தில் பகல் பணியாளர், இரவுப் பணியாளர், படுக்கை, டயப்பர் என்று எல்லாம் சேர்ந்து வரும். பராமரிப்புக் கட்டணம் ஆண்டுக்கு 8 விழுக்காடு உயர்ந்தால் 9 ஆண்டில் அது இரட்டிப்பாகும் என்பதையும், அதாவது மிக அதிகச் செலவுள்ள கட்டமே மிக உயர்ந்த விலையில் வரும் என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். சேமிப்பு முழுவதையும் எளிதில் எடுக்க முடியாத முதலீட்டில் பூட்டி வைப்பது இந்த நோய்க்குப் பொருந்தாது.

மருத்துவக் காப்பீடு இருக்கிறதே என்பவர்கள் பாலிசியில் ஒரே ஒரு பிரிவைப் படித்தால் போதும். மருத்துவமனையில் சேர்த்துச் செய்யும் சிகிச்சைக்குப் பணம் தரும் பாலிசிகள், வீட்டிலோ பராமரிப்பு இல்லத்திலோ நடக்கும் அன்றாடப் பராமரிப்பைப் பொதுவாக ஏற்பதில்லை. நீண்டகாலப் பராமரிப்புக்கென்றே உள்ள பாலிசிகளும் நோய் உறுதியான பிறகு கிடைப்பது அரிது.

புதிய மருந்துகள் பற்றிய செய்தியைப் படித்துவிட்டுச் சேமிப்பை உடைப்பவர்களும் இருக்கிறார்கள். 2023இல் அமெரிக்காவில் முழு ஒப்புதல் பெற்ற லெக்கனெமாப், அல்சைமரின் தொடக்கக் கட்டத்தில் உள்ளவர்களுக்கானது. அது சரிவின் வேகத்தைக் குறைக்கிறது, இழந்ததை மீட்பதில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரத்தக் குழாய் வழியே ஏற்றுவதாக அதன் சிகிச்சை தொடங்குகிறது. மூளையில் வீக்கமோ இரத்தக் கசிவோ இருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மருந்தின் விலையை மட்டும் விசாரித்தவர் இந்தத் தொடர் செலவைக் கேட்டிருக்கவே மாட்டார்.

கடைசியாக, பராமரிப்பு இல்லத்தின் ஒப்பந்தம். விளம்பரத்தில் உள்ள மாதக் கட்டணத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடாமல், டயப்பர், மருத்துவர் வருகை, இரவில் தனி ஆள் ஆகியவை அதில் அடங்குமா, நோய் முற்றினால் கட்டணம் எவ்வளவு கூடும் என்று கேளுங்கள். கத்துகிறார், அடிக்கிறார் என்று சொல்லி அவரைத் திரும்ப அழைத்துப் போகச் சொல்லும் உரிமை இல்லத்துக்கு உண்டா, அப்படிச் சொன்னால் எத்தனை நாள் அவகாசம், முன்பணம் எப்போது திரும்பும் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.