தேய்ந்த பழைய கோல்ட் ரிவால்வருக்கு விலை பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் பழைய துப்பாக்கிகள் விற்கும் கண்காட்சிக்குப் போனால் ஏதாவது ஒரு மேசையில் அது கிடக்கும். ஏழரை அங்குலக் குழல், பழுப்பேறிய இரும்பு, வழுவழுப்பான வால்நட் மரப் பிடி. 1873-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட கோல்ட் நிறுவனத்தின் சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர், அதாவது ஒவ்வொரு முறை சுடவும் சுத்தியலைக் கையால் இழுக்க வேண்டிய வகை. 1891 வரை ராணுவம் வாங்கியது சுமார் 37,000. வெளியார் வாங்கியவற்றோடு ஒப்பிட்டால் இது சொற்பம். அதனால் சட்டகத்தின் (குழலும் சிலிண்டரும் பொருந்தும் நடு உடல்) இடப்பக்கம் ‘யு.எஸ்.’ என்ற எழுத்து இருந்தாலே விலை எகிறும். ஏமாற்று வேலையும் அங்கேதான் தொடங்குகிறது.

பளபளப்பைப் பார்த்து மயங்குவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. முதல் தடவை நானும் மயங்கினேன். குழல் கன்னங்கரேலென்று மின்னியது. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் பூதக்கண்ணாடியை நீட்டி, திருகு இறங்கும் துளையின் விளிம்பைப் பார்க்கச் சொன்னார். விளிம்பு கூராக இல்லை, கிண்ணம்போல் உள்வாங்கியிருந்தது. எழுத்துகளின் வால்கள் மங்கி, மூலைகள் உருண்டிருந்தன. யாரோ குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குவதுபோலத் தேய்த்துவிட்டு, மேலே புதிதாக நீலப்பூச்சு (இரும்புக்கு ஏற்றும் கருநீல மெருகு) ஏற்றியிருக்கிறார்கள். தோல் உறையில் நூறு முறை போய் வந்த ரிவால்வரில் பூச்சு முதலில் போவது குழல் நுனியிலும், தோட்டா அறைகள் உள்ள சிலிண்டரின் ஓரத்திலும்தான். அங்கே வெளுத்து, பள்ளமான இடங்களில் மட்டும் நீலம் ஒட்டியிருந்தால் அது நியாயமான தேய்மானம். அதற்குத் தாராளமாகவே விலை கொடுக்கலாம். வாங்கிய பிறகு நீங்களே கம்பி நார் எடுத்துத் தேய்த்துவிடாதீர்கள். லேசாக எண்ணெய் போட்டால் போதும்.

அடுத்தது தொடர் எண். குதிரைப்படைக்குப் போன ரிவால்வரில் சட்டகம், விசைக் காப்பு, பிடியின் முதுகுப் பட்டை, குழல், சிலிண்டர் எல்லாவற்றிலும் ஒரே எண் இருக்க வேண்டும். இதை மட்டும் படித்துவிட்டு வருபவர்கள் ஐந்தரை அங்குலக் குழல் உள்ளதைக் கண்டதும், “எண் பொருந்தவில்லை, குழலையும் வெட்டியிருக்கிறார்கள்” என்று பாதி விலைக்குக் கேட்பார்கள். உண்மையில் 1895 முதல் ராணுவமே பழையவற்றைத் திரும்ப எடுத்து, பிரித்து, குழலைக் குறுக்கி, பாகங்களைக் கலந்து பூட்ட வைத்தது. ‘ஆர்ட்டிலரி மாடல்’ என்று இன்று அழைப்பது இதைத்தான். அதில் எண்கள் மாறியிருப்பது பெரும்பாலும் இயல்பு. ஆனால் முழு நீளக் குழலோடு, எண்கள் பொருந்தாமல் இருப்பதற்குக் குதிரைப்படை விலை கேட்டால் தலையாட்ட வேண்டாம்.

முத்திரைகளில் இன்னும் நிதானம் வேண்டும். ஒவ்வொன்றையும் ராணுவ ஆய்வாளர் சோதித்துத் தன் பெயரின் முதல் எழுத்துகளைப் பதித்தார். தொடக்க ஆண்டுகளில் இருந்த ஆர்வில் ஐன்ஸ்வொர்த்தின் ‘ஓ.டபிள்யூ.ஏ.’ முத்திரைக்குச் சேகரிப்பாளர்களிடம் தனி மவுசு. மவுசு இருந்தால் போலியும் வரும். மரப் பிடி கூழாங்கல்லைப்போலத் தேய்ந்திருக்க, அதன்மேல் உள்ள முத்திரை மட்டும் நேற்று அடித்ததுபோல் இருந்தால் இரண்டும் ஒரே காலத்தவை அல்ல.

அப்புறம் கதைகள். 1876-இல் அமெரிக்கப் பூர்வகுடிகளிடம் தோற்ற லிட்டில் பிக்ஹார்ன் சண்டையில், தளபதி கஸ்டரின் ஏழாம் குதிரைப்படையினர் வைத்திருந்தது இந்த வகைதான். “அந்த எண்களுக்குப் பக்கத்து எண் சார் இது” என்று விற்பவர் குரலைத் தாழ்த்திச் சொல்வார். பக்கத்து எண்ணாக இருப்பது வேறு, அந்தக் களத்தில் இருந்தது வேறு. காகிதம் இல்லாத கதைக்கு ஒரு டாலர்கூடக் கூட்டாதீர்கள். கோல்ட் நிறுவனத்தின் ஆவணக் கடிதம் காட்டினாலும், அந்த எண் கொண்ட ரிவால்வர் எப்போது, யாருக்குப் போனது என்பதைத்தான் அது சொல்லும். உங்கள் கையில் இருப்பதன் குழல் பிறகு மாற்றப்பட்டதா என்று சொல்லாது.

இயக்கம் பற்றிச் சுருக்கமாக. அனுமதி கேட்டு, சிலிண்டருக்குப் பின்னால் தோட்டா போடும் சிறு வாசலைத் திறந்து, ஆறு அறைகளும் காலியா என்று பாருங்கள். சுத்தியலை மெதுவாக இழுத்தால் நான்கு ‘கிளிக்’ கேட்க வேண்டும். பிறகு கட்டைவிரலால் பிடித்தபடியே இறக்குங்கள், வெற்றாகத் தட்ட விடாதீர்கள். பழைய தோட்டாக்களில் இருந்த கருப்பு வெடிமருந்து அரித்ததால் குழலின் உட்புறம் சொரசொரப்பாக இருப்பது சகஜம். அதற்காக விலையை அடிமாட்டு விலைக்கு இறக்கச் சொல்வது அறியாமை. இன்றைய தோட்டாக்களைப் போட்டுச் சுடும் எண்ணம் வேண்டாம். அந்த இரும்பு அந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டதல்ல.

சரி, எவ்வளவு கொடுக்கலாம்? இணையத்தில் கேட்கும் விலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு வருடமாக விற்காமல் கிடக்கும் விலையாகவும் அது இருக்கலாம். ஏலத்தில் உண்மையாகவே விற்ற விலையைப் பாருங்கள், அதுவும் இதே தேய்மானம், இதே ஆய்வாளர், இதே குழல் நீளம் உள்ளதாகத் தேடி. அந்தத் தொகையில் ஏல நிறுவனத்தின் கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்றும் கவனியுங்கள். 4,000 டாலருக்கு ஏலம் முடிந்து, கட்டணம் 20 சதவீதம் என்றால் வாங்கியவர் கொடுத்தது 4,800. மேசைக்காரர் அதே தரத்துக்கு 4,600 சொன்னால், ரொம்ப இழுக்காமல் எடுத்துக்கொள்ளலாம்.