மாரடைப்புக்குப் பிறகான முதல் ஆண்டு: உடலைப் பேணும் முறை

அடைபட்ட இதயக் குழாயைத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவர்களில் பலர், அடைப்பை நீக்கிவிட்டதால் நோயும் நீங்கிவிட்டது என்று எண்ணிக்கொள்கிறார்கள். குழாயைத் திறந்து வைக்க உள்ளே பொருத்தும் ஸ்டென்ட் சரிசெய்வது இரத்தக் குழாயின் ஓர் இடத்தை மட்டுமே. சுவரில் கொழுப்புப் படிந்து குழாய் பழுதாகும் நோய் மற்ற இடங்களில் தொடர்ந்து இருக்கிறது. இரத்தம் கிடைக்காமல் இறந்துபோன இதயத் தசையோ சுமார் 6 முதல் 8 வாரங்களில் தழும்பாக மாறுமே தவிர, மீண்டும் தசையாக வளராது. ஆகவே எஞ்சிய தசையைக் காப்பதும் இன்னோர் அடைப்பு வராமல் தடுப்பதுமே இனி செய்யவேண்டிய வேலை. அந்த வேலைக்குப் பெரிய இடையூறு, சில வாரங்களிலேயே உடம்பு நன்றாக இருப்பதாகத் தோன்றிவிடுவதுதான்.

மருத்துவமனையிலிருந்து கிளம்பும் முன்பே டிஸ்சார்ஜ் சம்மரியை மருத்துவரோடு உட்கார்ந்து படித்துவிடுங்கள். எந்தக் குழாயில் அடைப்பு, எத்தனை ஸ்டென்ட், வேறு எங்கேனும் அடைப்பு மீதமுள்ளதா, ஒவ்வொரு மாத்திரையும் எதற்காக, எத்தனை காலத்துக்கு என்பதைக் கேட்டு அந்தத் தாளிலேயே எழுதி வாங்குங்கள். இதயத்தை ஒலி அலைகளால் படமெடுக்கும் எக்கோ பரிசோதனையில் வரும் 'ஈ.எஃப்.' என்ற எண்ணையும் தெரிந்துகொள்ள வேண்டும். இதயத்தின் இடது கீழறை ஒரு துடிப்பில் தன்னிடமுள்ள இரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்பதை அது காட்டுகிறது. இயல்பான இதயத்தில் இது 50 சதவீதத்துக்கு மேல் இருக்கும். 40 அல்லது அதற்குக் கீழே இறங்கினால் கூடுதல் மருந்துகளும் கண்காணிப்பும் தேவைப்படும். முதல் நாள்களில் குறைவாக இருப்பதைப் பார்த்து மனமுடைய வேண்டாம். இறக்காமல் அதிர்ச்சியில் செயலிழந்து நின்ற தசை சில வாரங்களில் மீள்வதுண்டு என்பதால், பொதுவாக 6 வாரத்திலிருந்து 3 மாதத்துக்குள் எக்கோவைத் திரும்ப எடுத்துப் பார்ப்பார்கள்.

மாத்திரைகளில் முதலில் நிற்பவை இரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதைத் தடுப்பவை. ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரல், டிக்காக்ரிலோர், பிராசுக்ரல் ஆகிய மூன்றில் ஒன்றைச் சேர்த்து வழக்கமாக 12 மாதங்கள் தருவார்கள். இரத்தக்கசிவு அபாயம் அதிகமுள்ளவர்களுக்கு மருத்துவர் இந்தக் காலத்தைக் குறைப்பதுண்டு. ஸ்டென்ட் என்பது உலோக வலை; அதன்மேல் குழாயின் உட்படலம் வளர்ந்து மூடும் வரை அங்கே இரத்தம் உறையும் அபாயம் இருக்கிறது. இந்த மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் ஸ்டென்ட் முழுவதும் அடைபட்டு, முதல் மாரடைப்பைவிடக் கடுமையான ஒன்று வரக்கூடும். பல் பிடுங்குவதற்காகவோ சிறு அறுவைச் சிகிச்சைக்காகவோ யாரேனும் இவற்றை நிறுத்தச் சொன்னால், இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். மலம் கறுப்பாகப் போனாலும், நிற்காமல் இரத்தம் கசிந்தாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள். டிக்காக்ரிலோர் சிலருக்கு மூச்சு வாங்குவதைப் போன்ற உணர்வைத் தரும். அதற்கு மாற்று மருந்து உண்டு, தானாக விட்டுவிடுவது தீர்வாகாது.

அதிகம் சந்தேகத்துக்கு உள்ளாகும் மருந்து, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின்தான். 'எனக்குக் கொழுப்பு இயல்பாகத்தானே இருக்கிறது' என்பது அடிக்கடி கேட்கும் வாதம். அட்டோர்வாஸ்டாட்டினும் ரோசுவாஸ்டாட்டினும் எல்.டி.எல். எனும் கெட்ட கொழுப்பின் அளவைக் குறைப்பதோடு, குழாய்ச் சுவரில் உள்ள படிவு வெடிக்காமல் உறுதிப்படவும் உதவுகின்றன. மாரடைப்பு வந்தவருக்கு இலக்கு வேறு: எல்.டி.எல். ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 70 மில்லிகிராமுக்குக் கீழ், ஐரோப்பிய வழிகாட்டுதலின்படி 55க்குக் கீழ். தொடங்கிய 4 முதல் 6 வாரங்களில் இரத்தப் பரிசோதனை செய்து, இலக்கை எட்டாவிட்டால் எசெட்டிமைப் போன்ற இன்னொரு மருந்தைச் சேர்ப்பார்கள். தசைவலி வந்தால் சொல்லுங்கள். அளவையோ மருந்தையோ மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது.

இவை தவிர, இதயத் துடிப்பைத் தாழ்த்தும் பீட்டா பிளாக்கரும், இரத்த அழுத்தத்தைக் குறைத்து இதயத்தின் சுமையை இறக்கும் மருந்தும் பலருக்கு இருக்கும். 'பிரில்' என்று முடியும் பெயருள்ள மருந்துகள் சிலருக்கு வறட்டு இருமலைத் தருபவை. இருமல் மருந்து வாங்கிக் குடிப்பதைவிட மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்வதே சரி. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள், பீட்டா பிளாக்கர் எடுக்கும்போது சர்க்கரை தாழ்ந்தாலும் படபடப்பு தெரியாமல் போகலாம் என்பதை நினைவில் வைக்க வேண்டும்; வியர்வை மட்டும் வரும். மூட்டுவலிக்காகக் கடையில் தானே வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் ஆகியவற்றை அறவே தவிருங்கள். ஒரு வேளை மருந்து விட்டுப்போனால், அடுத்த வேளைக்கு இரட்டிப்பாக எடுக்கக்கூடாது.

நடையை முதல் வாரத்திலேயே, வீட்டுக்குள்ளும் சமதளத்திலுமாக 5 அல்லது 10 நிமிடங்களில் தொடங்கலாம். தொல்லை இல்லையென்றால் சில நாள்களுக்கு ஒருமுறை சில நிமிடங்கள் கூட்டி, ஆறேழு வாரங்களில் நாளுக்கு 30 நிமிடங்களுக்குக் கொண்டுவரலாம். பீட்டா பிளாக்கர் நாடியைத் தாழ்த்தி வைப்பதால் நாடியை எண்ணி வேகத்தை முடிவுசெய்வது ஏமாற்றும். நடந்துகொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பார்ப்பதே நம்பகமான அளவுகோல். சாப்பிட்டவுடனும், கடும் வெயிலிலும் குளிரிலும் நடக்க வேண்டாம். மருத்துவமனையில் இதய மறுவாழ்வுப் பயிற்சி இருந்தால் எப்படியாவது அதில் சேருங்கள். கண்காணிப்பில் உடற்பயிற்சி செய்து பார்ப்பதால், எவ்வளவு தாங்கும் என்ற பயம் நீங்குகிறது; அந்தப் பயம்தான் பலரைக் கட்டிலிலேயே வைத்திருக்கிறது. பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு மட்டும், நெஞ்செலும்பு கூடும் வரை, ஏறத்தாழ 6 முதல் 12 வாரங்கள், பளு தூக்கத் தடை உண்டு.

உணவைப் பற்றி எழுதப்படுவது ஏராளம்; செய்யவேண்டியது கொஞ்சம்தான். உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்கட்டும். காய்கறி, பழம், பருப்பு, முழுத்தானியம் கூடட்டும். பொரித்ததும் பாக்கெட்டில் அடைத்து வருவதும் குறையட்டும்.

புகைப்பதில் மட்டும் 'குறைத்துக்கொள்கிறேன்' என்பதற்கு இடமில்லை. முழுவதுமாக விட்டவர்களுக்கு அடுத்த மாரடைப்பின் அபாயம் வெகுவாகக் குறைகிறது, வேறெந்தத் தனிப் பழக்க மாற்றமும் இவ்வளவு பலன் தருவது அரிது. மன உறுதி போதவில்லையென்றால் நிக்கோட்டின் பட்டை, மாத்திரை முதலியவற்றைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

பலரும் வெட்கத்தால் கேட்காமல் விடுவது தாம்பத்திய உறவைப் பற்றி. இரண்டு மாடி உயரத்துக்குப் படிகளை நெஞ்சுவலியோ அதிக மூச்சிரைப்போ இன்றி ஏற முடிந்தால் பெரும்பாலும் அதற்குத் தடையில்லை. ஆனால் நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் நைட்ரேட் மாத்திரை வைத்திருப்பவர்கள், விறைப்புக் குறைபாட்டுக்கான சில்டெனாஃபில் போன்ற மருந்துகளைத் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தாகும் அளவுக்கு வீழும். மனச்சோர்வும் அப்படியே மறைக்கப்படுகிறது. மாரடைப்பு வந்தவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு அது வருகிறது, மருந்தையும் நடையையும் கைவிட வைப்பதும் அதுவே. இரண்டு வாரங்களுக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் கெட்டிருந்தால், அதையும் ஒரு நோய்க்குறியாக மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஈ.எஃப். குறைவாக உள்ளவர்கள் தினமும் காலையில், சிறுநீர் கழித்த பிறகு, எடை பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். மூன்று நாள்களில் 2 கிலோ ஏறினாலோ, கால் வீங்கினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ உடலில் நீர் தேங்குகிறது என்று பொருள்.

நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, காரணமற்ற வியர்வை, திடீர் மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும் உட்கார்ந்து, நைட்ரேட் மாத்திரை தந்திருந்தால் ஒன்றை நாக்கின் கீழ் வையுங்கள். 5 நிமிடங்களில் அடங்காவிட்டால், மாத்திரையே இல்லாவிட்டால் உடனேயே, ஆம்புலன்ஸை அழையுங்கள். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் குமட்டலும் அசதியுமாக மட்டும் வரலாம். வாயுத்தொல்லை என்று காத்திருப்பதும் தானே வண்டியோட்டிச் செல்வதும் கூடாது. ஆம்புலன்ஸ் வரும் வரை கதவின் தாழை நீக்கிவைத்து, டிஸ்சார்ஜ் சம்மரியையும் மாத்திரைகளையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.