ஜூஸுக்கு ஃபேன் போடாதீர்கள்

மே மாத வெயிலில் வீட்டுக்கு வந்தவருக்கு ஐஸ் போட்ட எலுமிச்சை ஜூஸைக் கொடுத்துவிட்டு, "ஃபேனுக்குக் கீழே வைங்க, சில்லுன்னு இருக்கும்" என்பார் என் அம்மா. காபி ஆற அது சரி. ஜூஸுக்கு நேர் எதிர்.

ஃபேன் காற்றைக் குளிர வைப்பதில்லை. நம் வியர்வையை ஆவியாக்குவதால்தான் நமக்குக் குளுகுளுவென்று இருக்கிறது. 5 டிகிரி டம்ளர் மீது 33 டிகிரி காற்றை விடாமல் வீசினால் அது சூடாகாமல் என்ன செய்யும்?

"குளிர்ச்சி போயிடுச்சு" என்கிறோமே, அதுவே தவறு. குளிர்ச்சி எங்கும் போகவில்லை, வெப்பம் உள்ளே வந்திருக்கிறது. காபியிலிருந்து அறைக்கு, அறையிலிருந்து ஜூஸுக்கு என்று அது எப்போதும் சூடான பக்கத்திலிருந்துதான் கிளம்பும். வித்தியாசம் பெரிதாக இருந்தால் வேகமும் அதிகம் என்று நியூட்டன் 1701-லேயே சொல்லிவிட்டார். 80 டிகிரி காபி முதலில் மளமளவென்று ஆறி, வெதுவெதுப்பானதும் அப்படியே இழுத்தடிப்பது இதனால்தான்.

சென்னையில் இன்னொரு வில்லன் உண்டு: புழுக்கம். டம்ளருக்கு வெளியே முத்து முத்தாகத் தண்ணீர் கோக்கிறதே, அதை டம்ளர் 'வியர்க்கிறது' என்போம். நமக்கு வியர்த்தால் உடம்பு குளிரும். டம்ளருக்கு வியர்த்தால் ஜூஸ் சூடாகும். காற்றிலிருக்கும் நீராவி தண்ணீராக மாறும்போது தன் வெப்பத்தை இறக்கிவிட்டுப் போகிறது. ஒரு கிராம் படிந்தால் சுமார் 2,400 ஜூல். ஏழு கிராம் ஐஸை உருக்க அது போதும்! ஃபேன் போட்டால் ஈரக்காற்று புதிதுபுதிதாக வந்து மோதும்.

ஐஸ் பாட்டிலைத் துணியால் சுற்றினால் சூடாகிவிடும் என்ற பயமும் வேண்டாம். உலர்ந்த துணி வெப்பத்தை எளிதில் உள்ளே விடாது, ஈரக்காற்றையும் தடுக்கும். திருவல்லிக்கேணி ஐஸ் ஹவுஸுக்கு 1840-களில் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த ஐஸ் கட்டிகளைக் காப்பாற்றியது வெறும் மரத்தூள்தான்.

காபி சூடாகவே இருக்க ஒரு மூடி போதும். சூட்டில் பெரும்பங்கு ஆவியோடுதான் போகிறது. பிறகு குடிக்கலாம் என்று அகலமான டபராவில் ஊற்றி வைக்காதீர்கள்.

அப்புறம், மண்பானை. இவற்றில் அறையை விடவும் குளிர்வது அது மட்டும்தான். நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாவதால். கடற்காற்றின் ஈரத்தில் இங்கே அது வேலூர் அளவுக்குக் குளிராது. பளபளவென்று பெயின்ட் அடித்த பானை என்றால் துளைகளும் அடைபட்டிருக்கும். அதில் மணிபிளான்ட் வைத்துக்கொள்ளலாம்.