ஆயாவோட வலை அலமாரி இப்ப எங்க வூட்டு புக் ஷெல்ஃப், செஞ்ச விதம் இதான்

வலை அலமாரி தெரியும்ல, பால் தயிர் மீன் கொழம்பு எல்லாத்தையும் பூனைகிட்டேர்ந்து காப்பாத்தி வெக்க கம்பி வலை அடிச்சு, எறும்பு ஏறாம இருக்க நாலு காலுக்கு அடியிலயும் தண்ணி ஊத்துன கிண்ணி வெச்சிருப்பாங்களே, அது. ஃபிரிட்ஜ் வந்தப்புறம் எங்க ஆயாவோடது பண்ருட்டி பக்கத்துலேர்ந்து புதுச்சேரி முத்தியால்பேட்டை வூட்டுக்கு வந்து பின்கட்டுல பச்சை எனாமல் பெயிண்ட்டோட சும்மா கெடந்துச்சு. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல்ல தண்ணி உள்ள பூந்து நின்னதுல, வருஷக்கணக்கா கிண்ணித் தண்ணியில ஊறியிருந்த ரெண்டு காலு சுத்தமா மக்கிடுச்சு. பழைய சாமான்காரர் எடுத்துக்கறேன்னாரு, எனக்கு மனசு வரல.

நனைஞ்ச மரத்த உடனே வெயில்ல போட்டுடாதீங்க, பலகை கோணிக்கும், வெடிக்கும். நெழல்ல, காத்து வர்ற எடத்துல, அடியில கட்டை குடுத்து தூக்கி வெச்சு நாலஞ்சு வாரம் விடுங்க.

அப்புறம் பின்பக்கம் கண்ணுல படாத எடத்துல கொஞ்சம் சொரண்டி என்ன மரம்னு பாருங்க, இத பாக்காம பெயிண்ட் கடைக்கே போகாதீங்க. எங்களுது சொரண்டுனதும் மஞ்சளா வந்துச்சு. ஆசாரி அண்ணன் பாத்துட்டு "பலா மரம்மா இது, இதுக்குப் போயி பெயிண்ட் அடிச்சு மூடி வெச்சிருக்கீங்களே"ன்னு வருத்தப்பட்டாரு. பலா புதுசுல மஞ்சளா இருந்து வருஷம் போகப் போக செம்பழுப்பா மாறும், அந்த கலர எந்த டப்பாவுலயும் வாங்க முடியாது. உள்ள மரமா இல்லாம மரத்தூள அழுத்தி ஒட்டுன அட்டையா (பார்ட்டிகிள் போர்டு) இருந்து தண்ணியில உப்பியிருந்தா அதோட விட்டுடுங்க, அது திரும்பாது.

சின்னச் சின்ன ஓட்டை, கீழ மாவு மாதிரி தூள் கொட்டியிருந்தா வண்டு. மண்ணு கோடு போட்டிருந்தா கரையான். ரெண்டுக்கும் ஹார்டுவேர் கடையில மருந்து கெடைக்கும், ஓட்டைக்குள்ள ஊசியால ஏத்தி பாலிதீன் சுத்தி ரெண்டு மூணு நாள் வெச்சிடுங்க.

இப்ப பெயிண்ட் எடுக்கற வேலை, இங்க தான் அவசரப்படக் கூடாது. வீட்டு பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்குல 90 பங்கு) மேல இருக்கக் கூடாதுங்கற விதி நம்ம நாட்டுல 2017 நவம்பர்ல தான் அமலுக்கு வந்துச்சு, அதனால ஆயா காலத்து பெயிண்ட்டுன்னா ஈயம் இருக்கும்னு நெனச்சே வேலை பண்ணுங்க. காஞ்ச பெயிண்ட்ட உப்புத்தாள் போட்டு தேச்சு தூள் பறக்க விடாதீங்க, கொழந்தைங்க இருக்கற வீடுன்னா கண்டிப்பா கூடாது. பெயிண்ட் ரிமூவர கையுறை மாஸ்க் போட்டு மொட்டை மாடியில கெட்டியா தடவுங்க, பத்து பதினஞ்சு நிமிஷத்துல தோல் மாதிரி சுருங்கி எழும்பும், பட்டி பிளேடால மரத்து ரேகை போற வாக்குல வழிச்சு எடுங்க, மூலை முடுக்குக்கு பழைய டூத் பிரஷ், கடைசியா தின்னர்ல தொடச்சிடுங்க. எங்களுக்கு பச்சைக்கு அடியில நீலம், நீலத்துக்கு அடியில காவி, மூணு ரவுண்டு ஆச்சு.

பெயிண்ட் இல்லாம பாலிஷ் போட்ட சாமான்னா, பஞ்சுல பாலிஷுக்குப் போடற ஸ்பிரிட் தொட்டு ஒரு எடத்துல தேயுங்க. பிசுபிசுன்னு கரைஞ்சா அது அரக்கு பாலிஷ், அதுக்கு ரிமூவரே வேணாம், ஸ்பிரிட்டே போதும்.

காலுக்கு வருவோம். 2011 டிசம்பர் 30 தானே புயல்ல எங்க கொல்லையில விழுந்த பலா மரத்துல அறுத்த கட்டை ஒண்ணு அப்பா பரண்ல போட்டு வெச்சிருந்தாரு. மக்கின பாகத்த அறுத்துட்டு, பழசுல பாதி புதுசுல பாதி வெட்டி ஒண்ணு மேல ஒண்ணு உக்கார வெச்சு ஃபெவிகால் மரைன் போட்டு, சைக்கிள் டியூப்ப கீறி இறுக்கி சுத்தி ஒரு நாள் பூரா அப்படியே விட்டோம். ஸ்க்ரூ ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல போடுங்க, நம்ம கடக்காத்துக்கு இரும்பு துருப்புடிச்சு மரத்தையும் கருப்பாக்கிடும். ஏற்கனவே அப்படி கருத்த எடத்துல ஆக்ஸாலிக் ஆசிட் தூள வெந்நீர்ல கலந்து தடவுனா வெளுக்கும், ஆனா அது விஷம், கையுறை போடணும், அப்புறம் நல்லா தண்ணி விட்டு தொடைக்கணும்.

உப்புத்தாள் 80, 120, 220 நம்பர்னு சொரசொரப்புலேர்ந்து நைஸுக்கு வரிசையா போங்க, எப்பவும் ரேகை வாக்குல தான். அதே மரத்து தூள ஃபெவிகால்ல கொழைச்சு ஓட்டைய அடைங்க, லப்பத்த விட கலர் ஒத்துப் போகும்.

பாலிஷுக்கு ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 200 கிராம் அரக்கு, ராத்திரி கண்ணாடி பாட்டில்ல ஊறப் போட்டு மறுநாள் வடிகட்டிக்கோங்க, இரும்பு டப்பா வேணாம், கருத்துடும். பழைய பனியன் துணியில பஞ்சு வெச்சு மடிச்சு மெல்லிசா எட்டு கோட்டு குடுத்தேன். ஐப்பசி கார்த்திகையில மட்டும் இத செய்யாதீங்க, காத்துல ஈரம் இருந்தா பாலிஷ் வெள்ளையா பூத்துடும், நான் மாசியில, காலையில பனி விட்டப்புறம் தான் போட்டேன். அரக்குக்கு சூடும் தண்ணியும் ஆகாது, அதனால டீ டம்ளர் வெக்கற சாமானுக்கும் காலுக்கும் பியூ (பாலியூரித்தேன்) பாலிஷ் தான் சரி.

துருப்புடிச்ச வலைய எடுத்துட்டு ஸ்டீல் வலை போட்டோம். எல்லாரும் கண்ணாடி போடுங்கன்னாங்க, நான் வேணாம்னுட்டேன், மூடின அலமாரியில நம்ம ஊரு ஈரத்துக்கு புஸ்தகம் பூசணம் புடிக்குது, வலையில காத்து போகுது, இந்த மழைக்கு ஒரு புக்கு கூட பூக்கல. காலுக்கு அடியில தண்ணிக் கிண்ணிக்கு பதிலா ரப்பர் புஷ் போட்டிருக்கோம். புதுசா ஒட்டு போட்ட எடம் இன்னும் மஞ்சளா தனியா தெரியுது, அத ஸ்டெயின் (மரத்துக்குப் போடற சாயம்) போட்டு மறைக்கல, பழைய பலாவோட கலருக்கு அதுவா வரட்டும்னு விட்டிருக்கேன்.