ராஜினாமாவில் கையெழுத்துப் போடுவதற்கு முன்

எச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, "உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம், நீங்களே பேப்பர் போட்டுடுங்க, ரிலீவிங் லெட்டர் நல்லபடியா தந்துடறோம்" என்பார்கள். அங்கே எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். "சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்" என்று உங்கள் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டால், திருநங்கை என்பதாலோ தன்பாலீர்ப்பாளர் என்பதாலோதான் அனுப்பினார்கள் என்று அப்புறம் நிரூபிப்பது ரொம்பக் கஷ்டம். "யோசித்து மெயிலில் சொல்கிறேன்" என்று எழுந்து வந்துவிடுங்கள். வந்த கையோடு ஒரு மெயில்: "இன்று மாலை 3 மணிக்கு நடந்த சந்திப்பில் என்னை ராஜினாமா செய்யச் சொன்னீர்கள். அதற்கான காரணத்தை எழுத்தில் தெரிவிக்கவும்." அவ்வளவுதான், கோபம் வேண்டாம். பதில் வராவிட்டாலும் அந்த மெயில் இருக்கிறது.

சரி, எந்தச் சட்டம்? இந்தியாவில் திருநர், தன்பாலீர்ப்பாளர், இருபாலீர்ப்பாளர் என எல்லாப் பால்புதுமையருக்கும் ஒரே பாதுகாப்பு இல்லை, நிறைய பேர் சறுக்குவது இங்கேதான்.

நீங்கள் திருநங்கையோ திருநம்பியோ, அதாவது திருநர் என்றால் உங்களுக்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், 2019. நடைமுறைக்கு வந்தது 2020 ஜனவரி 10. அரசு, தனியார் இரண்டுக்கும் பொருந்தும். வேலைக்கு எடுப்பது, பதவி உயர்வு என்று வேலை சம்பந்தப்பட்ட எதிலும் பாகுபாடு கூடாது என்கிறது 9ஆவது பிரிவு. ஒவ்வொரு நிறுவனமும் ஒரு புகார் அலுவலரை நியமிக்க வேண்டும் என்கிறது 11ஆவது பிரிவு. 2020இல் வந்த விதிகளின்படி சம வாய்ப்புக் கொள்கையை எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும், ஊழியரின் பாலின அடையாளத்தை ரகசியமாகக் காக்க வேண்டும், புகார் வந்தால் 15 நாளில் விசாரிக்க வேண்டும். அதனால் உங்கள் முதல் கேள்வியே "நம் நிறுவனத்தின் புகார் அலுவலர் யார்?" என்பதாக இருக்கட்டும், அதையும் மெயிலில் கேளுங்கள். பல இடங்களில் அப்படி ஒருவரே இருக்கமாட்டார். அதுவே சட்டமீறல், அதையும் புகாரில் சேர்த்துவிடுங்கள்.

இந்தச் சட்டத்தில் ஒரு ஓட்டை உண்டு. அடிப்பது, அசிங்கமாகப் பேசுவது, பொருளாதார ரீதியாக வதைப்பது எல்லாம் தண்டனைக்குரிய குற்றம். ஆனால் வேலை தர மறுத்ததற்காக மட்டும் நேரடித் தண்டனை எதையும் அது சொல்லவில்லை. அதற்கு நீதிமன்றம்தான் போக வேண்டும், போனால் பலனும் இருக்கிறது. திருநங்கை பிரித்திகா யாஷினி காவல் உதவி ஆய்வாளர் தேர்வுக்கு ஒவ்வொரு கட்டத்திலும் சென்னை உயர் நீதிமன்றத்தில் மல்லுக்கட்டி, 2015 நவம்பரில் தீர்ப்பு வாங்கினார். 2025 அக்டோபரில், திருநங்கை என்பதால் பள்ளி வேலை பறிபோன ஆசிரியை ஜேன் கௌஷிக்குக்கு உச்ச நீதிமன்றம் இழப்பீடு வழங்கியது.

தன்பாலீர்ப்பாளர், இருபாலீர்ப்பாளருக்கு இப்படித் தனிச் சட்டம் கிடையாது. அரசு வேலை என்றால் அரசியலமைப்பே துணை. தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377ஆவது பிரிவை 2018இல் தளர்த்திய தீர்ப்புக்குப் பிறகு, பாலீர்ப்பைக் காரணம் காட்டி வேலையைப் பறித்தால் அது நீதிமன்றத்தில் செல்லாது. உத்தரப் பிரதேசத்தில் அப்படி நீக்கப்பட்ட ஓர் ஊர்க்காவல் படைக்காரரை மீண்டும் பணியில் சேர்க்கும்படி 2021இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. தனியார் என்றால் பாதை சுற்றுவழிதான்: உங்கள் பணி ஒப்பந்தம், நிறுவனத்தின் நடத்தை விதிகள், பணிநீக்கம் முறைப்படி நடந்ததா என்று பார்க்கும் தொழிலாளர் சட்டம். ஆகவே பாகுபாட்டுக்கு எதிரான கொள்கை என்று நிறுவனம் எதையாவது வெளியிட்டிருந்தால், லாகின் முடக்கப்படும் முன்பே படித்து, பாலீர்ப்பைப் பற்றி அதில் என்ன வாசகம் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பாலியல் சீண்டல் என்றால், பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டப்படி, நிறுவனத்தின் உள் புகார்க் குழுவிடம் புகார். கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். சீண்டியவரும் பெண்ணாக இருந்தால் புகார் செல்லாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், செல்லும் என்று 2020இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆண்கள் மட்டும் இந்தச் சட்டத்தின் கீழ் புகார் கொடுக்க முடியாது, எனக்கு இது நியாயமாகவே படவில்லை.

இதற்கெல்லாம் ஆதாரம் வேண்டுமே. "எப்பப் பார்த்தாலும் கிண்டல் பண்றாங்க" என்பது எங்கேயும் எடுபடாது. "12ஆம் தேதி, செவ்வாய், காலை 11.20, இரண்டாம் மாடி பேன்ட்ரி. டீம் லீடர் சொன்ன வார்த்தை இது. பக்கத்தில் இருந்தவர்கள் இந்த இரண்டு பேர்" என்பது எடுபடும். கெட்ட வார்த்தையை நாசூக்காக மாற்றாமல் சொன்னது சொன்னபடியே எழுதுங்கள். சொந்த நோட்டில் எழுதுங்கள், அலுவலக லேப்டாப்பில் வேண்டாம், ஒரு நாள் அதைப் பிடுங்கிக்கொள்வார்கள். கம்பெனியின் ரகசியக் கோப்புகளைச் சொந்த மெயிலுக்கு அனுப்பவும் வேண்டாம், அதையே சாக்காக வைத்து உங்களைத் தூக்குவார்கள்.

இன்னொன்று, புகார் கொடுத்தால் விஷயம் ஆபீஸ் முழுக்கப் பரவுமோ, அங்கிருந்து வீட்டுக்குப் போகுமோ என்ற பயம். நியாயமான பயம்தான். புகாரிலேயே "விசாரிப்பவர்களைத் தவிர வேறு யாருக்கும், என் குடும்பத்தினர் உட்பட, தெரிவிக்கக் கூடாது" என்று ஒரு வரி சேருங்கள். உங்கள் அடையாளத்தை எவ்வளவு சொல்வது என்பதும் உங்கள் முடிவுதான். சில புகார்களுக்கு அவர்கள் பேசிய பேச்சே போதும், நீங்கள் யார் என்று விளக்கவே வேண்டியதில்லை.

உள்ளே நியாயம் கிடைக்காவிட்டால் இலவச சட்ட உதவி எண் 15100க்குப் பேசுங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வருமான வரம்புக்குள் வருவோர் ஆகியோருக்கு வழக்கறிஞரை இலவசமாகவே அமர்த்தித் தருவார்கள். போகும்போது பணி நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், மெயில்களின் நகல், அந்த நோட்டு எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துப் போங்கள்.